பெருமாயி அம்மாள் நினைவுப் போர்க்களம்

பேராசிரியர் இளவழகன் முதன்முறையாகச் சுடப்பட்டுச் செத்தபோது இறைவணக்கத்துக்காக எழுந்து நின்றுகொண்டிருந்தார். கையைக் கட்டி, கண்ணை மூடி, நாற்பத்தாறு வயதுக்கும் சிவில் துறைத் தலைவர் என்ற பதவிக்கும் எவ்வளவு பக்தி பொருந்துமோ அவ்வளவு பக்தியோடு நின்றார். அவர் முன்னாலிருந்த கணினித் திரையில் அவருடைய சிப்பாயும் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு சும்மாதான் நின்றான். பாட்டு முடிந்து கண்ணைத் திறந்தால் சிப்பாய் மல்லாக்கக் கிடந்தான். பக்கத்துத் திரைகளைப் பார்த்தார். ஆசிரியர் அணி மொத்தமும் அப்படித்தான் கிடந்தது.

எதிரணி வாழப்பாடியில் இருந்தது. கல்லூரியை நடத்துகிற அறக்கட்டளைக்கே அங்கே ஒரு பாலிடெக்னிக் உண்டு. அன்றைக்கு அங்கே ஒலிபெருக்கி பழுது. அதனால் இறைவணக்கத்தைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு நேராகப் போரை ஆரம்பித்துவிட்டார்கள்.

"முதல் அனுபவம் எப்படிங்க சார் இருந்துச்சு?" என்று இலக்கியா வந்து கேட்டாள்.

"பாட்டு நல்லா இருந்துச்சுங்க" என்றார் இளவழகன்.

இந்த ஆட்டத்தை உருவாக்கியவள் இலக்கியாதான். இதே கல்லூரியில் சிவில் சேர்ந்தவள். இளவழகன் நடத்திய பாடத்தைக் கேட்டு மனம் நொந்துபோய்க் கணினிப் பக்கம் ஓடியவள். அவளுடைய முன்னேற்றத்தில் தனக்கும் பங்கு உண்டு என்று இளவழகன் சொல்லிக்கொள்வார். உண்மையும் அதுதான்.

திருச்செங்கோட்டு மலை ஜன்னலில் தெரிகிற தூரத்தில் இருக்கிறது பெருமாயி தங்கமுத்து பொறியியல் கல்லூரி. அதன் தாளாளர் சின்னண்ணன், போர்வெல் ரிக் லாரிகளை வடக்கே அனுப்பி முன்னுக்கு வந்தவர். துப்பாக்கிச் சண்டை ஆட்டம் ஒன்றைக் கல்லூரியே தயாரித்து இணையத்தில் விடப்போகிறது, அதற்கு முன்னால் ஆசிரியர்களே ஆடிப் பார்த்துச் சோதிக்க வேண்டும் என்று அவர் அறிவித்த கூட்டத்தில் இளவழகனும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"நான் பூமியில ஓட்டை போட்டு முன்னுக்கு வந்தவனுங்க" என்று தாளாளர் தொடங்கினார். அவர் எந்தப் பேச்சையும் அங்கிருந்துதான் தொடங்குவார். "எத்தனை அடி போட்டமோ அத்தனை அடிக்குக் காசு. தண்ணி வாரதும் வராததும் தோட்டத்துக்காரன் தலையெழுத்து. காலேஜு ஆரம்பிச்சப்பவும் அதையேதான் வெச்சுக்கிட்டேன். நாலு வருசம் போடறோம். வேலை வாரதும் வராததும் பையனோட தலையெழுத்து. இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் வந்து என்னைய ஒரு கேள்வி கேட்டதில்லைங்க."

கைதட்டல் பலமாக இருந்தது. இளவழகனும் தட்டினார்.

"இப்ப எல்லாப் பசங்களும் போன்ல சுட்டுக்கிட்டே இருக்கறாங்க. எவனோ வெளிநாட்டுக்காரன் செஞ்ச துப்பாக்கி. ஏன், நம்மூட்டுத் துப்பாக்கி சுடாதுங்களா? எங்காத்தா பேருலயே வெளியிடறோம். பெருமாயி அம்மாள் நினைவுப் போர்க்களம்."

பெருமாயி அம்மாள் உயிரோடு இருந்தவரை வீட்டில் ஒரு கோழியை அறுக்க விட்டதில்லை என்று ஊரில் சொல்வார்கள். இப்போது ஆட்டத்தைத் திறந்ததும் மாலை போட்ட அவருடைய படம்தான் வரும். அதன் முன்னால் சிப்பாய் கும்பிட்டு நிற்பான். எந்தப் பொத்தானை அமுக்கினாலும் அந்தப் படத்தைத் தாண்ட முடியாது. அதுவாகப் போனால்தான் உண்டு.

இதெல்லாம் வேடிக்கை என்று இளவழகன் வீட்டுக்குப் போயிருப்பார். ஆனால் தாளாளர் பேச்சைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டே முடித்தார்.

"சிவில் துறைக்கு ஆளே சேர மாட்டேங்கறாங்க. இழுத்து மூட வேண்டியதுதான். அங்க இருக்கற வாத்தியாருங்கள்ல ஒருத்தருக்கு மட்டும் இந்த ஆட்டத்துக்குன்னு ஆரம்பிக்கற புதுத் துறையில இடம் போட்டிருக்கறேன். தரமதிப்பீட்டுக் குழு வாரப்ப அவிய முன்னால ஒரு ஆட்டம் நடக்கும். அதுல யாரு கடைசி வரைக்கும் உசுரோட இருக்கறாங்களோ, அவிய காலேஜுலயும் உசுரோட இருக்கட்டும்."

இளவழகன் பயந்துபோனார். கல்லூரியில் செங்கல் அடுக்கிய காலத்திலிருந்து அங்கேயே இருப்பவர். வேறு எங்கேயும் விண்ணப்பம் போட்டதில்லை. போட்டாலும் ஆள் சேராத பாடத்துக்கு நாற்பத்தாறு வயதில் ஓர் ஆளை யார் எடுப்பார்கள்? அவருக்குத் தெரிந்த ஒரே ஆயுதம் சாக்பீஸ். அதையும் குறி தவறாமல் எறியத் தெரியாது, பின்வரிசைக்கு எறிந்தால் முன்வரிசையில் விழும்.

போர்க்களம் என்பது கல்லூரி வளாகம்தான். விளம்பரத்துக்கும் ஆகும் என்று தாளாளர் சொன்னதால் இலக்கியா அதை அப்படியே வரைந்திருந்தாள். அப்படியே என்றால் கல்லூரி விளக்கக் கையேட்டில் இருக்கிறபடி. அதனால் ஆட்டத்தில் நீச்சல் குளம் இருந்தது. நிஜத்தில் அந்த இடத்தில் பள்ளம் மட்டும் இருக்கிறது. அந்தக் குளத்தை வடிவமைத்த பொறியாளர் இளவழகன்தான். பள்ளம் வரைக்கும் அவருடைய வடிவமைப்பில் யாரும் குறை சொன்னதில்லை.

கல்லூரியின் ஒழுங்குவிதிகளும் உள்ளே வந்துவிட்டன. சிப்பாய்கள் சட்டையை உள்ளே விட்டு, கழுத்தில் அடையாள அட்டை மாட்டியிருந்தார்கள். ஆண் சிப்பாய்க்கு ஒரு மாடிப்படி, பெண் சிப்பாய்க்கு ஒரு மாடிப்படி. துரத்திக்கொண்டு ஓடுகிற எதிரி பெண்கள் படியில் ஏறிவிட்டால் கீழேயே நின்று காத்திருக்க வேண்டியதுதான்.

இரண்டாம் நாள் ஆட்டத்தில் வேதியியல் துறை நித்யஸ்ரீ குண்டடிபட்டு நூலகத்து வாசலில் விழுந்துகிடந்தார். விழுந்தவரைச் சக வீரர் தூக்கிவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்பது ஆட்டத்தின் விதி. இளவழகன் ஓடினார். பொத்தானை அமுக்கினார். திரையில் சிவப்பு எழுத்து வந்தது: 'தகுந்த இடைவெளியைக் கடைப்பிடிக்கவும்.'

"தூக்கி உடுங்க சார்" என்று காதில் மாட்டியிருந்த கருவியில் நித்யஸ்ரீயின் குரல் கேட்டது.

"தூக்க உட மாட்டேங்குதுங்க மேடம். லேடீஸ் யாராச்சும்தான் வரோணுமாம்."

"நீங்க நல்லவருன்னு எனக்குத் தெரியுமுங்க சார். சிஸ்டத்துக்குத் தெரியலையே."

அவர் கண்ணெதிரில் நித்யஸ்ரீ செத்தார். இளவழகன் தகுந்த இடைவெளியில் நின்று அனுதாபம் தெரிவித்துக்கொண்டிருந்தபோது வாழப்பாடிக்காரன் பின்னாலிருந்து அவரையும் சுட்டான்.

விரலைவிட நம் ஆட்களுக்கு வாய்தான் வேகம் என்பது தாளாளரின் கண்டுபிடிப்பு. அதனால் இந்த ஆட்டத்தில் வாயால் சொன்னாலே போதும். 'சுடு' என்றால் துப்பாக்கி சுடும். 'வாரேன்' என்றால் சிப்பாய் முன்னேறுவான். தமிழிலேயே, அதுவும் கொங்குத் தமிழிலேயே ஆணை வாங்கும் உலகின் முதல் துப்பாக்கி என்று கல்லூரி முதல்வர் மதியழகன் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். எதிரில் நிற்பவனிடம் வாரேன் என்று சொல்லிவிட்டுப் போகிற பண்பாடு வேறு எந்தப் படையில் இருக்கிறது என்றும் கேட்டார். பத்திரிகைக்காரர்கள் அதையும் குறித்துக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் உதவியாளர் முத்தாயம்மாள் தட்டில் டீ கொண்டுவந்தார். ஆசிரியர் அணி அப்போதுதான் ஒருவழியாக ஒன்றுசேர்ந்து, ஒருவருக்கொருவர் முதுகுகாட்டி வட்டமாக நின்றிருந்தது. முத்தாயம்மாள் நல்லெண்ணத்தோடு, எல்லா மேசைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"பாத்துக் குடிங்க சாமி, சுடுது."

எல்லாத் துப்பாக்கிகளும் வெடித்தன. சத்தத்தில் திடுக்கிட்டு எல்லாச் சிப்பாய்களும் வட்டத்துக்கு உள்பக்கமாகத் திரும்பினார்கள். "அட, ஆமா, சுடுதுங்க" என்று இயற்பியல்காரர் வேறு ஒத்துக்கொண்டார். அத்தோடு ஆசிரியர் அணி முடிந்தது. வாழப்பாடியில் அதுவரை கேண்டீனில் இருந்தார்களாம்.

மறுநாள் முதல்வரிடமிருந்து சுற்றறிக்கை வந்தது. வளாகத்துக்குள் டீ, காபி, வெயில், தார் ரோடு, காய்ச்சல் கண்ட நெற்றி, இவை எதையும் இனி அந்தச் சொல்லால் குறிக்கக் கூடாது. வெதுவெதுப்பு என்று சொல்ல வேண்டும். கேண்டீனில் தோசை வார்க்கப்படும், எக்காரணம் கொண்டும் சுடப்படாது. முத்தாயம்மாளுக்கு இதில் தனிப் பயிற்சி நடந்தது. அடுப்பில் கை பட்டுவிட்டால்கூட "ஐயோ, வெதுவெதுங்குதே" என்று அலறுகிற அளவுக்கு அவர் தேறினார். இளவழகனும் தேறினார். வகுப்பு எடுப்பதைத் தவிர மற்றக் கட்டளைகளை நிறைவேற்றுவதில் அவர் எப்போதுமே கெட்டிக்காரர்.

ஆட்டத்திலிருந்து வெளியே வருவதுதான் எல்லாவற்றிலும் பெரிய சிக்கலாக இருந்தது. அதற்குக் காரணம் தாளாளரின் ஒரு பழக்கம்.

சின்னண்ணன் காதில் 'போறேன்' என்ற சொல் விழக் கூடாது. போ என்றும் அவர் யாரிடமும் சொல்ல மாட்டார். ரிக் லாரி கிளம்புகிற நேரத்தில் ஒரு டிரைவர் வாய்தவறிப் "போறேனுங்க" என்று சொல்லிவிட்டான் என்பதற்காக லாரியை ஷெட்டுக்குத் திருப்பி, டிரைவரை வீட்டுக்கு அனுப்பிக் குளிக்க வைத்து, மறுபடி வந்து "போயிட்டு வாரேனுங்க" என்று சொல்ல வைத்த பிறகுதான் சாவியைக் கொடுத்தார். கல்லூரியிலும் அப்படித்தான். வேலையை விட்டு நீக்குகிறபோதும் "போயிட்டு வாங்க சார்" என்றுதான் சொல்வார். போன வருடம் இயந்திரவியல் மணிமாறனிடம் அப்படித்தான் சொன்னார். மணிமாறன் புரிந்துகொண்டு, இப்போது எருமப்பட்டியில் சொட்டுநீர்க் குழாய் விற்கிறார். எல்லோரும் புரிந்துகொள்வார்கள்.

எனவே ஆட்டத்தில் வெளியேறு என்ற பொத்தானே இல்லை. வெளியே வர வேண்டுமென்றால் 'போயிட்டு வாரேன்' என்று வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் இயந்திரம் கடைசிச் சொல்லை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு சிப்பாயை முன்னால் நடத்தியது. வகுப்பு மணி அடித்து எழுந்த ஒவ்வோர் ஆசிரியரும் மரியாதையாக விடைபெற்றார்கள், அவர்களுடைய சிப்பாய்கள் மரியாதையாக எதிரியின் துப்பாக்கிக்கு நேராக நடந்தார்கள். இளவழகனுடைய சிப்பாய் நீச்சல் குளத்தில் விழுந்தான். தான் வடிவமைத்த குளத்தின் ஆழத்தை அன்றைக்குத்தான் அவர் பார்த்தார்.

"ஏனுங்க இலக்கியா, நான் கெளம்பறேங்கற அர்த்தத்துலதானுங்க சொன்னேன்?"

"சார், மெஷினுக்கு அர்த்தம் தெரியாதுங்க. சொன்ன சொல்லு மட்டுந்தான் தெரியும்."

ஆடியவர்கள் எல்லோரும் முதல் அனுபவ அறிக்கை தர வேண்டும். இளவழகன் இந்தக் குறையை விவரமாக எழுதிக் கொடுத்தார். முதல்வர் மதியழகன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார்.

"குறைன்னு போடாதீங்க சார். குழு பாத்தாங்கன்னா நல்லா இருக்காது. நம்ம காலேஜுல குறைங்கற சொல்லுக்கு எடமில்லீங்க. சிறப்பம்சம்னு போடுங்க." அவரே பேனாவை எடுத்து எழுதினார்: 'விடைபெறும் தருணத்திலும் வீரரை முன்னேறச் செய்வது இம்மென்பொருளின் சிறப்பம்சம்.' பிறகு நிமிர்ந்து, "கட்டடம் ஒழுகுச்சுன்னு போன தடவை நீங்கதான எழுதினீங்க? மழைநீர் சேகரிப்புன்னு மாத்தித்தான அந்தப் புள்ளியே வாங்கினோம்?" என்றார். இளவழகன் கையெழுத்துப் போட்டார். ஒழுகலுக்கும் அவர்தான் போட்டிருந்தார்.

தொடர்ந்து செத்துக்கொண்டிருந்தால் ஆட்டம் பூட்டிக்கொள்ளும். பெற்றோரையோ பாதுகாவலரையோ அழைத்துவந்தால்தான் மறுபடி திறக்கும். இளவழகனுக்குப் பூட்டிக்கொண்டது. அவருடைய பெற்றோர் காலமாகிவிட்டதால் மனைவி சரிதாவை வரச் சொன்னார்கள். சரிதா தொடக்கப் பள்ளி ஆசிரியை. தினமும் யாராவது ஒரு பையனின் அப்பாவை வரவழைத்து நிற்க வைக்கிறவள், முதல்வர் அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். இளவழகன் கதவோரம் நின்றார்.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா" என்றார் முதல்வர். "உங்க ஊட்டுக்காரரு கவனமே இல்லாம இருக்கறாரு. நேத்துக்கூட முட்டுச் சந்துல போயி நின்னு செத்திருக்கறாரு. மத்தவங்களும் இவரப் பாத்துச் சாகப் பழகிக்கறாங்க."

"ஊட்டுலயும் இப்படித்தானுங்க சார். எங்க நிக்க வேண்டாம்னு சொல்றனோ அங்கதான் வந்து நிப்பாரு."

"இன்னொரு தடவ செத்தாருன்னா நாங்க பொறுப்பில்லைங்க."

இனிமேல் சாக மாட்டார் என்று சரிதா உறுதி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். இரண்டு பேரும் வேப்பமரத்தடி வரைக்கும் நடந்தார்கள். சிரிப்பாளோ என்று இளவழகன் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. அதுதான் அவரை உடைத்தது.

"எனக்குப் பயமா இருக்குது சரிதா" என்றார். "இந்த வேலை போச்சுன்னா எனக்கு வேற ஒண்ணுமே தெரியாது. இதுவும் தெரியாதுன்னு இப்பத்தான் தெரியுது."

சரிதா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வெசனப்படாதீங்க. நீங்க எதுக்குங்க சுடப் போறீங்க? கடைசி வரைக்கும் உசுரோட இருக்கோணும்னுதான சொன்னாங்க. ஆரு கண்ணுலயும் படாம ஒரு மூலையில கம்முனு உக்காந்துக்குங்க. இத்தன வருசமா இந்தக் காலேஜுல அதத்தான பண்ணிக்கிட்டிருக்கறீங்க?"

இளவழகனுக்குச் சுருக்கென்றது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அதைவிடத் தெளிவான போர்த்தந்திரத்தை அதுவரை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

மூலையையும் அவரே கண்டுபிடித்தார். ஆட்டத்தின் வளாகத்தில் கேண்டீனுக்குப் பின்னால் சிவில் துறைப் பரிசோதனைக் கூடம் இருந்தது. விருந்தினர்களுக்குச் சுற்றிக்காட்டும் வழியில் அது வராது என்பதால் இலக்கியா அதற்கு வண்ணம்கூடப் பூசவில்லை. சாம்பல் நிறத்தில் நான்கு சுவர், ஒரு கதவு. நிஜத்தில் அங்கே யாரும் வருவதில்லை. ஆட்டத்திலும் வரவில்லை. இளவழகனின் சிப்பாய் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தான். பல நாள் கழித்து அன்றைக்குத்தான் அவர் சாகாமல் வீட்டுக்குப் போனார்.

குழு வந்தது. பன்னீர் தெளித்து, சால்வை போட்டு, பெருமாயி அம்மாளின் படத்துக்கு முன்னால் குத்துவிளக்கு ஏற்றி, எல்லாம் ஆயிற்று. குழுத் தலைவர் வெளியூர்க்காரர், வயதானவர், நிதானமானவர். சுவர் அகலத்துக்குக் கட்டியிருந்த பெரிய திரையை உற்றுப் பார்த்தார்.

"சண்டை போடுகிறவர் கழுத்தில் எதற்கு அடையாள அட்டை?"

"அது இருந்தாத்தானுங்க ஐயா, செத்தது யாருன்னு வருகைப் பதிவுல கழிக்க முடியும்" என்றார் முதல்வர்.

தலைவர் ஏதோ குறித்துக்கொண்டார். முதல்வர் பெருமையோடு தாளாளரைப் பார்த்தார்.

ஆட்டம் தொடங்கியது. இந்த முறை இறைவணக்கத்தை இரண்டு ஊரிலும் முன்கூட்டியே முடித்திருந்தார்கள். இயற்பியல்காரர் முதல் ஐந்து நிமிடத்திலேயே போனார். நித்யஸ்ரீ பெண்கள் மாடிப்படியில் நின்று வாழப்பாடி ஆட்களை வரிசையாகச் சுட்டுத் தள்ளினார், யாரும் ஏறி வர முடியாததால். பிறகு தண்ணீர் குடிக்கப் போகலாம் என்று "வாரேனுங்க" என்றார். சிப்பாய் இறங்கிவந்து செத்தாள். சிவிலின் மற்ற இரண்டு ஆசிரியர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து அடுத்தடுத்துச் செத்தார்கள். அவர்கள் எழுந்து போவதை இளவழகன் கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் சிப்பாயை மூலையிலிருந்து அசைக்கவில்லை. தன்மேலேயே அவருக்குக் கொஞ்சம் அருவருப்பாக இருந்தது. அதைவிடக் கொஞ்சம் அதிகமாக நிம்மதியாக இருந்தது.

கடைசியில் களத்தில் இருவர்தான் மிஞ்சினார்கள். சாம்பல் அறைக்குள் இளவழகன், நீச்சல் குளத்தங்கரையில் வழிதெரியாமல் நின்ற ஒரு வாழப்பாடி மாணவன். ஆட்டம் முடிய இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. தாளாளருக்கு அதுவரை பொறுக்கவில்லை.

"பொழச்சுக்கிட்டாருங்க நம்ம சாரு! ஒரு குண்டு சுடாம, ஒரு குண்டு படாம! இதுதானுங்க எங்க காலேஜோட ஒழுக்கம்! வாங்க சார், இங்க வாங்க!"

இளவழகன் எழுந்து போனார். தாளாளர் அவர் தோளில் கையைப் போட்டார். குழுத் தலைவர் தன் சால்வையையே எடுத்து அவருக்குப் போர்த்தினார். சாப்பாட்டுக்குக் கிளம்பிய பெரியவர், "நல்லது, பார்க்கலாம்" என்று கைகூப்பினார். இளவழகனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பெரியவர் முன்னாலிருந்து நகரும்போது என்ன சொல்ல வேண்டுமென்று அவருடைய அம்மா சொல்லிக்கொடுத்திருந்தாரோ, பேச்சு வந்த நாளிலிருந்து என்ன சொல்லி வந்தாரோ, அதைக் குனிந்து கும்பிட்டுச் சொன்னார்.

"வாரேனுங்க ஐயா."

கழற்ற மறந்து கழுத்தில் தொங்கிய ஒலிவாங்கி அதைக் கேட்டது. பெரிய திரையில் சாம்பல் அறையின் கதவு திறந்தது.

சிப்பாய் நடந்தான். கேண்டீனைத் தாண்டி, கொடிமரத்தைத் தாண்டி, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, அடையாள அட்டை ஆட ஆட, நேராக நீச்சல் குளத்தை நோக்கி நடந்தான். "நில்லுடா!" என்று இளவழகன் கத்தினார். அந்தச் சொல் அதற்குத் தெரியாது. "ஐயோ, சார், அதைச் சொல்லுங்க சார்! அதை!" என்று இலக்கியா குதித்தாள். எதைச் சொல்ல வேண்டுமென்று அவருக்குத் தெரிந்தது. எதிரில் நின்ற மாணவன் பயந்துபோய் இன்னும் துப்பாக்கியைத் தூக்கவேயில்லை. ஒரே ஒரு சொல். இளவழகன் அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்துச் சொன்னார்.

"வெதுவெது!"

முதல்வர் மதியழகன் அந்த நிலையிலும் திருப்தியோடு தலையசைத்தார். சிப்பாயின் துப்பாக்கி மட்டும் அசையவில்லை. வாழப்பாடி மாணவனுக்கு அந்தச் சுற்றறிக்கை வந்திருக்கவில்லை. அவன் சொல்ல வேண்டியதைச் சொன்னான்.

பெரிய திரையில் சிப்பாய் மல்லாக்க விழுந்தான். தாளாளர் துண்டை உதறி மறுதோளில் போட்டுக்கொண்டு இளவழகனிடம் வந்தார். குரலில் கோபமே இல்லை. உண்மையான வருத்தம் இருந்தது.

"சார், போயிட்டு வாங்க."

இளவழகன் புரிந்துகொண்டார். பரிசோதனைக் கூடத்தின் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, சால்வையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு பேருந்துக்கு நடந்தார். அவரைப் பார்த்தவர்கள் எல்லோரும் "போயிட்டு வாங்க சார்" என்றார்கள். வாசல் காவலாளி சொன்னார். முத்தாயம்மாள் அழுதுகொண்டே சொன்னார். 

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டே போனார். அவமானமாக இருந்தது. செத்ததற்காகக்கூட இல்லை, 'வெதுவெது' என்று கத்தியதற்காக. அந்தச் சொல்லை யார் தன் வாயில் வைத்தது என்று நினைத்தார். தான்தான் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டோம் என்று தோன்றியது. மெஷினுக்கு அர்த்தம் தெரியாது, சொன்ன சொல் மட்டும்தான் தெரியும். அந்த இடத்தில் இளவழகன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் வாழ்க்கையில் தானாக யோசித்த முதல் யோசனை அதுவாகத்தான் இருக்கும்.

மறுநாள் காலை கல்லூரி வாசலில் புது ரிக் லாரி ஒன்று நின்றது. முதல் பயணம், வடக்கே போகிறது. எந்தப் புது லாரியும் பெருமாயி அம்மாள் பெயருள்ள வாசலிலிருந்துதான் கிளம்பும். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, சூடம் எரிகிறது, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. தாளாளர் கும்பிட்டுக் கண்ணைத் திறந்தால் எதிரில் இளவழகன். சட்டையை உள்ளே விட்டு, அடையாள அட்டையும் மாட்டியிருந்தார்.

"என்னங்க சார், நேத்தே சொன்னனே?"

"சொன்னீங்க. போயிட்டு வாங்கன்னு சொன்னீங்க." அடையாள அட்டையை நேராக்கிக்கொண்டார்.  "போனனுங்க. வந்துட்டனுங்க."

தாளாளருக்கு விளங்க ஒரு கணம் ஆயிற்று. "சார், போயிட்டு வாங்கன்னா... அதுக்கு அர்த்தம்..."

"என்னங்க அர்த்தம்?"

டிரைவர் சாவியில் கையை வைத்தபடி எட்டிப் பார்த்தான். கிளீனர் பார்த்தான். இரண்டாம் நாள் ஆய்வுக்கு வந்த தரமதிப்பீட்டுக் குழுவின் கார் அப்போதுதான் உள்ளே திரும்பியது. முதல்வர் மதியழகன் ஓடிவந்து ஏதாவது சிறப்பம்சம் தேறுமா என்று இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சொல்ல வேண்டியது ஓரெழுத்துச் சொல். தாளாளரின் உதடு அதற்காகக் குவிந்தது. குவிந்தபடியே லாரியைப் பார்த்தது, எலுமிச்சம்பழத்தைப் பார்த்தது, அம்மாவின் பெயரைப் பார்த்தது. பிறகு மெல்ல விரிந்தது.

"சரி... வாங்க."

அன்றிலிருந்து இளவழகன் வந்துகொண்டிருக்கிறார். என்ன துறை என்று யாருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. பரிசோதனைக் கூடத்தில் உட்கார்ந்து இலக்கியாவின் ஆட்டத்தில் ஒருநாள் விடாமல் சாகிறார். சாவதற்கு முன்னால் ஒருமுறையாவது வாய்விட்டுச் 'சுடு' என்று சொல்லிவிடுகிறார். முதல்வர் காதைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போகிறார். தினமும் சாயங்காலம் தாளாளர் அவரைத் தேடிவந்து ஒவ்வொரு எழுத்தையும் அழுத்திப் "போயிட்டு வாங்க சார்" என்கிறார். "ஆகட்டுங்க" என்று இளவழகன் போகிறார். காலையில் வருகிறார்.

தாளாளர் இப்போதெல்லாம் மத்தியானம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அம்மாவின் படத்தை அந்தப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, கண்ணாடி முன்னால் நின்று 'போ' என்று சொல்லிப் பழகுகிறாராம். டீ கொடுக்கப் போன முத்தாயம்மாள்தான் சொன்னார். இன்னும் வரவில்லையாம்.